கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர்

படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு பெரியவரைப் பார்க்கப் போகிறவர்கள் நேராகக் கட்டிலுக்குத்தான் போவார்கள். கையில் ஆப்பிளோ ஆர்லிக்ஸ் பாட்டிலோ இருக்கும். "என்ன பெரியப்பா, எப்படி இருக்கீங்க? ராத்திரி தூங்குறீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். பிறகு காபி வரும். அந்தக் காபியைப் போட்டுக் கொண்டுவந்து நீட்டுகிற பெண்ணிடம், "ஏம்மா, கஞ்சியைக் கொஞ்சம் தண்ணியாக் கரைச்சுக் குடுக்கக் கூடாதா? ஆளு இப்படி இளைச்சுட்டாரே" என்று ஒரு குறையைச் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். முந்தின ராத்திரி அவள் எத்தனை முறை எழுந்தாள், காலையில் அவள் சாப்பிட்டாளா என்று கேட்கிறவர்களைப் பார்ப்பது அரிது.

நான் விருதுநகர் மாவட்டத்தில் அரசு மருத்துவமனை நர்சாக இருந்து ஓய்வுபெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி மெடிக்கல் வார்டில் கழிந்தது. இப்போது ராஜபாளையம், சத்திரப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கூப்பிடுகிற வீடுகளுக்குப் போய், படுக்கையில் இருப்பவரை எப்படிப் புரட்டுவது, எப்படி உட்காரவைத்துச் சாப்பாடு கொடுப்பது, மூத்திரக் குழாயை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வார்டிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டு கொடுப்பார்கள், மறுபடி வந்து காட்ட வேண்டிய தேதியைச் சொல்வார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் நடப்பது மருத்துவமனைக்குத் தெரியாது. மூன்று ஷிப்டில் நாங்கள் பலர் சேர்ந்து பார்த்த வேலையை அங்கே ஒருத்தி மட்டும், யாரும் பழக்கிக்கொடுக்காமல், வார விடுமுறை இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அங்கே கவனிக்கப்பட வேண்டியவர்கள் இரண்டு பேர். இதை நான் போகிற ஒவ்வொரு வீட்டிலும், அந்த வீட்டு ஆண்களை உட்காரவைத்துச் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குகிறேன்.

முன்பெல்லாம் பெரியவர்களை வீட்டில்தானே பார்த்தோம், அப்போது இவ்வளவு பேச்சு இல்லையே என்று சிலர் கேட்கிறார்கள். முன்பு பக்கவாதம் வந்தவர்களில் பலர் நெடுநாள் தாங்கியதில்லை. இடுப்பெலும்பு முறிந்த பாட்டிகள் பலர் அந்த மழைக்காலத்தைத் தாண்டியதில்லை. இன்றைக்கு மருந்தும் அறுவை சிகிச்சையும் உயிரைக் காப்பாற்றிவிடுகின்றன. பிழைத்தவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய காலம் மாதங்களிலிருந்து வருடங்களாக நீண்டுவிட்டது. அதே நேரத்தில் வீட்டில் பிள்ளைகள் ஒன்று அல்லது இரண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகம். 2031-இல் அது 18-ஐத் தாண்டும் என்று மத்திய அரசின் கணிப்பே சொல்கிறது. இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் அதிகமுள்ள பெரிய மாநிலம் நம்முடையது.

மருத்துவத்தில் நாம் இதற்கு முன்கூட்டியே தயாரானவர்கள்தான். 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 1996-இல் அதோடு இணைந்த சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு மேற்படிப்பும் வந்தது. இப்போது கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை இயங்குகிறது. ஆனால் மருத்துவமனைப் படுக்கையில் கழியும் நாட்கள் கொஞ்சம். மீதி நாட்கள் எல்லாம் வீட்டுக் கட்டிலில்.

அந்த வீட்டில் பார்க்கிறவர் யார்? பெரும்பாலும் மருமகள், இல்லாவிட்டால் மகள், அதுவும் இல்லாவிட்டால் தானும் வயதான மனைவி. மத்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் நேரம் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. வீட்டில் உள்ளவர்களைக் கவனித்துக்கொள்வதில் பெண்களுக்கு 134 நிமிடம், ஆண்களுக்கு 76. இது அந்த வேலைகளைச் செய்கிற எல்லாரையும் சேர்த்துப் போட்ட சராசரி. படுக்கையில் ஆள் உள்ள வீட்டில் நிமிடக் கணக்குக்கு இடமில்லை. நாள் முழுக்க அதுதான்.

சட்டம் சொல்வதையும் பாருங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. பெற்றோரைப் பராமரிக்க வேண்டிய பிள்ளைகள் யார் யார் என்று அதில் எழுதியிருக்கிறார்கள்: மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. 2019-இல் மருமகள், மருமகன் இருவரையும் சேர்க்க ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார்கள், அது சட்டமாகவில்லை. ஆக, சட்டப்படி பொறுப்பு பெற்ற பிள்ளைகளுடையது, மருமகளுடையது அல்ல. என் கண்ணால் பார்ப்பதோ, மகன் வேலைக்குப் போய்விட்டு வந்து "அப்பா சாப்பிட்டாரா?" என்று மனைவியைக் கேட்பது. மருமகள் மனம் ஒப்பிப் பார்க்கிறாள் என்றால் அது அவளுடைய பெருந்தன்மை. அதை அவள் கடமை என்று எழுதிவைத்துக்கொண்டு குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

சத்திரப்பட்டியில் ஒரு வீடு. மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்யும் ஊர் அது. தறிச் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். மாமனாருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறல். நான் போனபோது மருமகள் அவரை ஒரு பக்கமாகத் திருப்ப, கட்டிலுக்கு மேல் குனிந்து, இரண்டு கையையும் அவர் அக்குளில் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் எழுபது கிலோ இருப்பார், இவள் ஐம்பதைத் தாண்ட மாட்டாள். "இடுப்பு வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். "அது எப்பவும் வலிக்கிறதுதானே சிஸ்டர்" என்றாள்.

அந்த வீட்டில் செய்ததை விவரமாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும். பழைய பருத்திப் போர்வை ஒன்றை நாலாக மடித்து, பெரியவரின் தோளிலிருந்து தொடை வரை அடியில் வரும்படி விரித்தோம். இனி ஆளை இழுக்க வேண்டாம், துணியை இழுத்தால் போதும். திருப்பும்போது அவருடைய அந்தப் பக்கத்து முழங்காலை மடித்து நிறுத்தி, துணியின் அந்தப் பக்க ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து நம் பக்கம் இழுத்தால், உடம்பு தானாக உருண்டு வரும். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து மட்டும் ஒருநாளும் இழுக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். தூக்குகிறவர் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்து நிற்க வேண்டும். கட்டில் தாழ்வாக இருந்ததால் நாலு காலுக்கும் மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். கட்டை நழுவாமல் இருக்க நடுவில் குழி வெட்டிக்கொடுத்தார் பக்கத்துத் தெருத் தச்சர். பெரியவரைத் தனியே விடும்போது உருண்டு விழாதபடி ஒரு பக்கம் சுவரோடு ஒட்டிப் போட்டு, மறுபக்கத்துக்குத் தடுப்பும் அடித்துக்கொடுத்தார். அந்தப் பெண்ணின் இடுப்பு வலி பாதி குறைந்தது அந்த மரக்கட்டைகளால்தான்.

ஏன் திருப்ப வேண்டும்? ஒரே இடத்தில் உடம்பின் பாரம் அழுந்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். அதுதான் படுக்கைப் புண். இடுப்புக்குக் கீழே முதுகு முடியும் இடம், இரண்டு பக்க இடுப்பெலும்பு, குதிகால், முழங்கை, பின்மண்டை ஆகிய இடங்களில்தான் முதலில் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். ஏர் பெட் வாங்கிவிட்டோம், இனித் திருப்ப வேண்டாம் என்று நினைக்கிறார்கள். அது உதவி செய்யும், ஆனால் திருப்புகிற வேலையை ஒழித்துவிடாது. தினமும் துடைக்கும்போது அந்த இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கறுத்த மேனியில் சிவப்பு தெரியாது. அங்கே நிறம் கறுப்பதையும் சூடாகவோ கெட்டியாகவோ இருப்பதையும் கையால் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஸ்பிரிட் தடவக் கூடாது. பாரத்தை எடுத்துவிட்டு நர்சிடமோ டாக்டரிடமோ காட்ட வேண்டும். குதிகாலுக்கு ஒரு சின்ன வழி: கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி நிற்கும்.

கஞ்சி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குகிற தசையும் பலவீனமாகிவிடும். தண்ணியான பொருள்தான் அவர்களுக்கு ஆபத்து. சட்டென்று ஓடிப்போய் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். குழைவாக, கெட்டியாக உள்ளது மெதுவாக இறங்கும், விழுங்க நேரம் கிடைக்கும். ஆகவே கஞ்சியைத் தண்ணியாகக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போன உறவினர், தெரியாமலேயே நிமோனியாவுக்கு வழி சொல்லிவிட்டுப் போகிறார். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, சின்னக் கரண்டியில் கொடுக்க வேண்டும். முதல் வாய் இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது. சாப்பிடும்போது இருமல் வந்தாலோ, விழுங்கியபின் குரல் தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் களகளவென்று கேட்டாலோ, நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். இப்படி ஒரு தட்டுக் கஞ்சியைக் கொடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். மூன்று வேளைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தப் பெண்ணின் நாள் எங்கே போகிறது என்று புரியும்.

இன்னொன்று சொல்கிறேன், இதைத் தெரிந்துகொண்டதால் உயிர் பிழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நேற்றுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த பாட்டி, இன்றைக்குத் திடீரென்று செத்துப்போன தங்கச்சியைக் கூப்பிடுகிறாள், வீட்டை அடையாளம் தெரியவில்லை, அல்லது எழுப்பினாலும் கண் சொருகுகிறது. "வயசாயிருச்சு, புத்தி பேதலிச்சுருச்சு" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. ஓரிரு நாளில் வருகிற குழப்பத்துக்குப் பெரும்பாலும் உடம்பில் வேறு காரணம் இருக்கும். மூத்திரத் தாரையில் கிருமி, ரத்தத்தில் சோடியம் குறைவு, நெஞ்சுச் சளி, நாலு நாள் மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை. முதியவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் கிருமித் தொற்று வரும். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் பலர் பழையபடி தெளிந்துவிடுகிறார்கள். போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒரு டாக்டர் என்று பார்த்ததில், ஒரே மருந்து இரண்டு பெயரில் ஓடிக்கொண்டிருப்பது சாதாரணமாக நடக்கிறது.

மறதி நோய் வந்த வீடுகளின் கஷ்டம் வேறு வகை. இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் டிமென்ஷியாவோடு வாழ்கிறார்கள், எண்ணிக்கையில் சுமார் 88 லட்சம் என்று 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. உடம்பு நன்றாக இருக்கும், நடை இருக்கும், பார்க்க வருகிறவரிடம் நாலு வார்த்தை நன்றாகவும் பேசுவார்கள். அவர் போனதும், "இவதான் என் சங்கிலியை எடுத்துட்டா" என்று மருமகளைச் சொல்வார்கள். சாயங்காலம் இருட்டத் தொடங்கினால் பதற்றம் கூடும், "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று செருப்பைத் தேடுவார்கள். இல்லை, இதுதான் உங்கள் வீடு என்று வாதாடிப் பயனில்லை. "போகலாம்மா, காபி குடிச்சுட்டுக் கிளம்புவோம்" என்று சொல்லி, விளக்கைப் போட்டு, கையில் கருவேப்பிலை உருவவோ துணி மடிக்கவோ ஒரு வேலையைக் கொடுத்தால் பல நேரம் அடங்கிவிடும். சங்கிலிப் பழியைப் பொறுத்தவரை, அது நோயின் பேச்சு என்று மகன் தன் தங்கைகளிடமும் சித்தப்பாக்களிடமும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் அந்தப் பெண் சொந்தபந்தத்தில் திருடியாகிவிடுவாள்.

நம் பக்கத்தில் முறை வைத்துப் பார்க்கிற வழக்கம் உண்டு. மூன்று மகன்கள் என்றால் மாதம் ஒரு வீடு. பாரம் பகிரப்படுகிறதே என்று தோன்றும். நினைவும் நடையும் நன்றாக உள்ளவருக்கு அது சரிவரலாம். மறதி நோய் உள்ளவரை மாதாமாதம் வீடு மாற்றுவது கொடுமை என்பேன். பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பழகுவதற்குள் மூட்டை கட்டிவிடுகிறார்கள். ராத்திரி எழுந்து வழி தெரியாமல் விழுகிறார்கள். இடுப்பு முறிகிறது. பெரியவரை இடம் மாற்றாதீர்கள், பார்க்கிறவர்கள் மாறிக்கொள்ளுங்கள். பெரியவர் ஒரே வீட்டில் இருக்கட்டும், மற்ற மகன்களும் மகள்களும் முறை போட்டு அங்கே வந்து தங்கட்டும். வர முடியாதவர் பணம் தரட்டும். அந்தப் பணத்துக்குக் கணக்கும் கேட்க வேண்டாம். டயப்பர் என்ன விலை, மாதம் எத்தனை ஆகும் என்று கடையில் ஒருதரம் விசாரித்தாலே போதும், கணக்கு தெரிந்துவிடும்.

பார்த்துக்கொள்கிறவரின் உடம்புக்கு என்ன ஆகிறது என்பது உலகம் முழுக்க ஆராயப்பட்ட விஷயம். அமெரிக்காவில் நாலு வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1999-இல் வெளியானது. நோயுற்ற கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டு, அதன் பாரத்தில் தவித்த முதியவர்களுக்கு, அப்படிப் பார்க்க வேண்டியிராதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்தப் பாரத்தை அளப்பதற்கென்றே 22 கேள்விகள் கொண்ட ஒரு கேள்வித்தாளை ஸாரிட் என்ற ஆய்வாளர் உருவாக்கினார். மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். நான் தாள் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. மூன்று விஷயம் கேட்பேன். கடைசியாக முழு ராத்திரி எப்போது தூங்கினாய்? உன் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? கடைசியாக வீட்டைவிட்டு உனக்காக எங்கே போனாய்? மூன்றாவது கேள்விக்குப் பலர் அழுதுவிடுகிறார்கள்.

அழுதபின் சிலர் மெதுவாகச் சொல்வார்கள்: "சீக்கிரம் போய்ச் சேர்ந்தா அவுகளுக்கும் நல்லது, எனக்கும் நல்லதுன்னு தோணுது சிஸ்டர். நான் பாவியா?" பாவி இல்லை. தூக்கம் இல்லாத உடம்பின் நினைப்பு அது. அதை வெளியே சொல்ல ஓர் ஆள் கிடைத்தாலே பாதி கரைந்துவிடும். சொல்ல ஆள் கிடைக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பது எங்கள் தென் மாவட்டங்களுக்குத் தெரியும். முடியாத முதியவரின் உயிரைக் குடும்பமே முடித்துவைக்கிற தலைக்கூத்தல் இந்த மண்ணில் நடந்த கொடுமை. அது கொலை, அதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் அதைக் கண்டித்துப் பேசுகிற ஊர், பார்த்துக்கொள்கிறவளுக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்ததா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். பாரம் முழுவதையும் ஒரு தோளில் ஏற்றிவிட்டு, அந்தத் தோள் சாயும்போது மட்டும் ஓடிவருவது போதாது.

அரசிடமிருந்து கிடைப்பதைக் கேட்டு வாங்குங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். பலருக்கு அதுவரைதான் தெரியும். படுக்கையில் உள்ளவருக்கு வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை கொடுக்கிற நர்சும், பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்டும் அதே திட்டத்தில் வீட்டுக்கு வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்தால் போதும். அந்த நர்ஸ் வரும் நாளில் புண்ணை மட்டும் காட்டாமல், புரட்டவும் குழாயைச் சுத்தம் செய்யவும் பழகிக்கொள்ளுங்கள். ஆண்களும் பக்கத்தில் நின்று பழகுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கு ரேஷன் பொருள் வீடு தேடி வருகிறது. பகலில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் அன்புச் சோலை மையங்களும் அதே ஆண்டில் தொடங்கின. இது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பகல் நேரத்தில் நாலு மணி நேரம் ஓய்வு கிடைத்தால், அந்தப் பெண்ணால் இன்னும் பல வருடம் பார்க்க முடியும். இந்த மையங்கள் ராஜபாளையம் போன்ற ஊர்களுக்கும் வர வேண்டும்.

ஏமாற்றப்பட்ட, அடிக்கப்பட்ட, கைவிடப்பட்ட முதியவர்கள் 14567 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால், அதே 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். எழுதிக்கொடுக்கும்போதே பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பிள்ளை மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்பார்கள். நம்பிக்கை இருக்கும்போது எழுதினால்தான் அது எழுத்து.

அரசு செய்யாதது ஒன்று உண்டு. மத்திய அரசுப் பெண் ஊழியருக்குக் குழந்தை வளர்ப்புக்கு, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள் வரை விடுப்பு இருக்கிறது. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள அப்படித் தனி விடுப்பு இல்லை. இருக்கிற சொந்த விடுப்பில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தனியார் வேலையிலும், பஞ்சாலையிலும், தீப்பெட்டி ஆபீசிலும் வேலை பார்க்கிறவர்களில் பலருக்கு அதுவும் கிடைப்பதில்லை. மாமியார் விழுந்துவிட்டார் என்பதற்காக வேலையை விட்ட பெண்களை எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு காட்ட முடியும். அவர்கள் இழந்த சம்பளத்தை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய ஆதரவு சிகிச்சை இயக்கம், அக்கம்பக்கத்து மக்களையே பழக்கி, படுக்கையில் உள்ளவர்களின் வீடுகளுக்கு அனுப்பியது. டாக்டரும் நர்சும் செய்வதைத் தவிர மற்றதெல்லாம் ஊராரே செய்கிறார்கள். நம் ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இல்லாத தெரு இல்லை. கடனும் வட்டியும் பேசுகிற அதே கூட்டத்தில், இந்தத் தெருவில் யார் வீட்டில் ஆள் படுத்திருக்கிறது, இந்த வாரம் யார் போய் உட்காருவது என்றும் பேசலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு தெருவில் இதைச் சொல்லிப் பார்த்தேன். நாலு பெண்கள் ஒப்புக்கொண்டு ஆளுக்கு ஒரு கிழமை மத்தியானம், பாட்டி ஒருவர் படுத்திருக்கிற வீட்டுக்குப் போகிறார்கள். பெரிய வேலை எதுவும் செய்வதில்லை. பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டுகிறார்கள். பாட்டியைப் பார்த்துக்கொள்கிற மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள்.

ஆண்களால் முடியாது என்ற பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், நடக்க முடியாத தன் மனைவிக்குத் தலை பின்னி, பெட்பேன் வைத்து, டயப்பர் மாற்றி, துடைத்து, தானே எல்லாம் பார்க்கிறார். தொடக்கத்தில் மூலம் வலிக்கும்போதுகூட மனைவி அவரிடம் சொல்லக் கூசினாராம். இப்போது கூச்சம் போய்விட்டது. "மிஷினைப் பார்த்துக்கிட்டவன் இவளைப் பார்க்க மாட்டேனா?" என்று என்னிடம் கேட்டார். அவர் செய்வதை ஊர் ஆச்சரியமாகப் பேசுகிறது. அதே வேலையை அடுத்த வீட்டுப் பெண் செய்தால் பேச்சே இல்லை. இரண்டும் ஒரே வேலைதான், இரண்டுக்கும் ஒரே மரியாதை வேண்டும்.

அடுத்த முறை உடம்பு முடியாத பெரியவரைப் பார்க்கப் போகும்போது, ஆப்பிளும் ஆர்லிக்ஸும் வேண்டாம். போவதற்கு முன் போன் போட்டு, "நான் வந்து ரெண்டு மணி நேரம் பெரியப்பா பக்கத்துல உட்காருறேன், நீ அதுவரைக்கும் தூங்கு, இல்லேன்னா கோயிலுக்குப் போயிட்டு வா" என்று சொல்லுங்கள். காபி போடச் சொல்லாதீர்கள். டயப்பர் பாக்கெட் ஒன்றும், அந்த வேளைக்கு அவர்களுக்குச் சாப்பாடும் கொண்டுபோங்கள். மறக்காமல் அடுத்த மாதமும் போங்கள்.